திருவரங்கம் தந்த விஞ்ஞானக் கதாசிரியர்

பூதலூரில் ரயிலேறித் திருச்சி சென்று, காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்கே பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர்தாம் எழுத்தாளர் சுஜாதா. 1935-ல் சென்னையில் பிறந்த அவரது இயற்பெயர் ரங்கராஜன். மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகமும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றினார்.

விஞ்ஞானம் என்றாலே பாடப்புத்தகம் என்று நம்மில் பலர் ஒதுங்குவது வழக்கம். அப்படியிருக்க, 1980-களில் ஆனந்த விகடனில் வெளிவந்த அவரது ‘என் இனிய இயந்திரா’ தொடர் மட்டும் எவ்வாறு இத்தனை வாசகரைக் கவர்ந்தது? குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய எதிர்கால இந்தியா. காணாமற்போன கணவனைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாகப் புத்தகம் படிக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாய். கருவிகளை விடுத்து, ஒரு பெண்ணின் தவிப்பையே அவர் முன்னே வைத்தார். பௌதிகம் அறியாதவரும் அடுத்த இதழுக்குக் காத்திருந்தமைக்கு அதுவே காரணம் என்பேன். நாயின் குறும்பும் ஒரு காரணந்தான்!

பின்னர் ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. 2008-ல் சுஜாதா மறைந்தார். கதை நிகழ்வதாக அவர் எழுதிய 2020-கள் வந்துவிட்டன. ஜீனோவை இன்றைய மாணவரும் தேடிப் படிக்கின்றனர்.