சுபேதார் ஜோகிந்தர் சிங்



என் தம்பி செல்போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவான். குட்டி மெஷின் கன்னிலும் முனையில் கத்தி மாட்டலாமா என்று ஒருநாள் என்னைக் கேட்டான். பதில் தேடும்போதுதான் இந்த வீரரைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஜோகிந்தர் சிங் 1921-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி பஞ்சாபில் மாஹ்லா கலான் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மேலே படிக்க வசதி இல்லை. 1936-ல் சீக்கிய ரெஜிமென்டில் சேர்ந்தார். ஆனா படிப்பை மட்டும் விடவில்லை. ராணுவத்திலேயே பரீட்சை எழுதிப் பாஸ் செய்து, மற்ற வீரர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியரும் ஆனார். பர்மாவிலும் காஷ்மீரிலும் போரிட்டார்.

1962-ல் சீனப் போர் வந்தது. இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், தவாங் பக்கத்தில் பும் லா வழியைக் காத்த ஒரு சிறு படைக்கு இவர்தான் தலைவர். அக்டோபர் 23, விடியற்காலை 5.30 மணி. எதிரிகள் மூன்று அலையாக வந்தார்கள். அலைக்குச் சுமார் 200 பேர். இரண்டு அலையைத் தடுப்பதற்குள் நம்ம பக்கம் பாதிப் பேர் போய்விட்டார்கள். இவருக்குத் தொடையில் காயம். பின்னால் போக மறுத்துவிட்டார். கடைசியில் குண்டும் தீர்ந்தது. மிச்சம் இருந்த சில பேர் ரைபிள் முனையில் பயனெட் கத்தியைச் செருகிக்கொண்டு எதிரி மேல் பாய்ந்தார்கள்.

அவர்களிடம் இருந்தது .303 ரைபிள். நீளம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. கத்தியும் சேர்ந்தால் ஈட்டி மாதிரி. பின்பக்க மரக்கட்டையால் ஓங்கி அடிக்கவும் முடியும். அந்தக் காலத்து குட்டி மெஷின் கன்னான ஸ்டென் இரண்டரை அடிதான். தோட்டாப் பெட்டி இடது பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும். அதுக்கும் இங்கிலாந்தில் பயனெட் செய்தார்கள். மாட்டலாம், ஆனா எதிரியின் நீளமான ரைபிள் கத்தி நம்மை முதலில் தொட்டுவிடும். கிட்டத்தில் சடசடவென்று சுடத்தான் ஸ்டென். குத்துவதற்கு ரைபிள்தான் சரி.

காயத்தோடு போரிட்ட ஜோகிந்தர் சிங் எதிரியிடம் பிடிபட்டு, சிறையிலேயே இறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். நம்ம கடலில் கப்பல்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிறோம் இல்லையா? 1980-களில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயரை வைத்தது. இவர் பெயரிலும் ஒரு கப்பல் ஓடியது.

தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டேன். பயனெட் குண்டு தீர்ந்தவனின் கடைசி ஆயுதம். விளையாட்டில் செத்தால் திரும்ப வரலாம். அந்த மலையில் செத்தவர்கள் திரும்ப வரவில்லை. நம் வீரர்களுக்குக் குண்டு தீராமல் பார்த்துக்கொள்வது நாட்டின் கடமை.

– 9-ம் வகுப்பு மாணவி