படை திரட்டி, அமைதிப் பரிசு பெற்ற தளபதி: ஜார்ஜ் மார்ஷலின் வாழ்க்கை

வாஷிங்டன்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர், போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்டெடுத்த திட்டத்துக்குப் பெயர் தந்தவர், வெளியுறவு, பாதுகாப்பு ஆகிய இரு துறைகளுக்கும் அமைச்சராகப் பணியாற்றியவர் ஜார்ஜ் கேட்லெட் மார்ஷல். 1953-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற இவரது வாழ்க்கை, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு ராணுவம் எவ்வாறு கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்காவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

பென்சில்வேனியா மாகாணத்தின் யூனியன்டவுன் நகரில் 1880 டிசம்பர் 31-ஆம் தேதி மார்ஷல் பிறந்தார். தந்தை நிலக்கரித் தொழிலில் ஈடுபட்டிருந்தார். வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் சேர மார்ஷல் விரும்பியபோது, அங்கு ஏற்கெனவே படித்திருந்த அண்ணன், தம்பியால் குடும்பத்தின் நற்பெயர் கெட்டுவிடும் என்று தாயிடம் முறையிட்டார். அதை மறைவில் நின்று கேட்டதே தமக்குள் உறுதியை வளர்த்தது என மார்ஷல் பிற்காலத்தில் கூறினார். 1901-ஆம் ஆண்டு, மாணவர் படையின் முதன்மை கேப்டன் என்ற சிறப்புடன் அவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ராணுவத்தில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து பிலிப்பைன்ஸ் சென்றார்.

மேலதிகாரியின் கையைப் பற்றிய அதிகாரி

முதல் உலகப் போரில் பிரான்ஸ் சென்ற அமெரிக்க முதலாவது டிவிஷனில் மார்ஷல் திட்டமிடல் அதிகாரியாக இருந்தார். 1917 அக்டோபரில் அந்த டிவிஷனைப் பார்வையிட வந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜான் பெர்ஷிங், அதன் தலைமை அதிகாரியை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அது நியாயமற்றது எனக் கருதிய மார்ஷல், புறப்படவிருந்த பெர்ஷிங்கின் கையைப் பற்றி நிறுத்தி, டிவிஷன் சந்திக்கும் இடையூறுகளைச் சுடச்சுட எடுத்துரைத்தார். அத்துடன் அவரது பணி வாழ்வு முடிந்தது என்றே உடனிருந்தோர் எண்ணினர். ஆனால் பெர்ஷிங் அவரைத் தண்டிக்கவில்லை. மாறாக, உண்மை நிலையை அறிய அவரையே நாடலானார். போருக்குப் பின் ஐந்து ஆண்டுகள் மார்ஷல் அவரது உதவியாளராகப் பணியாற்றினார்.

1918-இல் மியூஸ்-ஆர்கோன் தாக்குதலுக்கு முன்பாக லட்சக்கணக்கான வீரர்களை, எதிரியின் கண்ணில் படாமல் இரவு நேரங்களில் ஒரு போர்முனையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் திட்டத்தை வகுத்ததில் மார்ஷலுக்குப் பெரும் பங்கு உண்டு. களத்தில் படை நடத்துவதைவிடத் திட்டமிடுவதில் வல்லவர் என்று அன்று பெற்ற பெயரே, பின்னாளில் அவருக்குத் தடையாகவும் அமைந்தது.

1927 முதல் 1932 வரை ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் உள்ள காலாட்படைப் பள்ளியில் பயிற்சி முறையை அவர் மாற்றியமைத்தார். நீண்ட எழுத்து உத்தரவுகளுக்குப் பதிலாகச் சுருக்கமான உத்தரவுகளையும், முழுமையற்ற வரைபடங்களைக் கொண்டு முடிவெடுக்கும் பழக்கத்தையும் கற்பித்தார். ஓமர் பிராட்லி, ஜோசப் ஸ்டில்வெல் உள்ளிட்ட பிற்காலத் தளபதிகள் அங்கு அவருடன் பணியாற்றினர். ஆயினும் அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி 1936-இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 55.

அதிபருக்கு மறுப்பு

1938 நவம்பரில் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், விமானங்களைப் பெருமளவில் தயாரிக்கும் திட்டத்தை அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் முன்வைத்தார். அனைவரும் ஆமோதிக்க, மார்ஷல் மட்டும் உடன்படவில்லை. விமானிகளுக்கும் தரைப்படைக்கும் உரிய ஏற்பாடு இன்றி விமானங்களை மட்டும் குவிப்பது பயன் தராது என்பது அவரது கருத்து. இம்முறையும் அவரது எதிர்காலம் முடிந்தது என்றே சக அதிகாரிகள் நினைத்தனர். சில மாதங்களிலேயே, பணிமூப்பில் முன்னிருந்த பலரைத் தாண்டி, அவரையே ராணுவத் தலைமைத் தளபதியாக ரூஸ்வெல்ட் தேர்ந்தெடுத்தார்.

போலந்து மீது ஜெர்மனி படையெடுத்த 1939 செப்டம்பர் 1-ஆம் தேதியே மார்ஷல் பொறுப்பேற்றார். அன்று அமெரிக்க ராணுவத்தின் பலம் 2 லட்சத்துக்கும் குறைவு. 1945-இல் அது 80 லட்சத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சி எளிதில் கிட்டவில்லை. கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்ற வாக்குகளில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதற்காக உறுப்பினர்களிடம் மார்ஷல் நேரில் வாதாடினார். கட்சி சார்பு தம்மீது படியக் கூடாது என்பதற்காகத் தேர்தலில் வாக்களிப்பதையே தவிர்த்தவர் என்பதால், இரு கட்சியினரும் அவரது சொல்லை நம்பினர்.

அவரது பணியில் குறைகளும் உண்டு. பியர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்குதல் நடத்திய 1941 டிசம்பர் 7-ஆம் தேதி காலை மார்ஷல் அனுப்பிய எச்சரிக்கை, ராணுவ வானொலித் தொடர்பு கிடைக்காததால் வணிகத் தந்தி வழியாகச் சென்று, தாக்குதல் தொடங்கிய பின்னரே உரியவரை அடைந்தது. இதுகுறித்து விசாரித்த ராணுவக் குழு 1944-இல் அவரையும் குறைகூறியது. கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளில் வைத்திருந்த வழக்கத்தைப் போர்க்காலத்தில் மாற்ற அவர் முன்வரவில்லை. 1948-இல் அதிபர் ஹாரி ட்ரூமன் பிறப்பித்த உத்தரவுக்குப் பின்னரே அது முடிவுக்கு வரத் தொடங்கியது.

கேட்காமல் விட்ட பதவி

நார்மண்டியில் தரையிறங்கும் நேச நாட்டுப் படைகளின் தலைமைப் பொறுப்பு மார்ஷலுக்கே கிடைக்கும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். வரலாற்றில் நிலைக்கக்கூடிய அந்தப் பொறுப்பு குறித்து 1943 டிசம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட் அவரது விருப்பத்தைக் கேட்டார். தம் விருப்பத்தைக் கருதாமல் நாட்டின் நலனை மட்டும் எண்ணி முடிவெடுக்குமாறு மார்ஷல் கூறிவிட்டார். அவர் வாஷிங்டனில் இல்லாவிட்டால் தம்மால் நிம்மதியாக உறங்க முடியாது என்று தெரிவித்த ரூஸ்வெல்ட், அப்பொறுப்பை டுவைட் ஐசனோவருக்கு அளித்தார். மார்ஷல் தம் ஏமாற்றத்தை வெளிக்காட்டவில்லை.

1944 மே இறுதியில், நார்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில நாள்கள் முன்பு, அவரது மனைவி கேத்தரினுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன் இத்தாலிப் போர்முனையில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் இத்தாலி சென்ற மார்ஷல், அன்சியோவில் அவரது கல்லறைக்கு நேரில் சென்றார்.

ஓய்வற்ற ஓய்வு

1945 நவம்பரில் ஓய்வு பெற்ற உடனேயே, சீனாவில் தேசியவாதிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே சமரசம் காண மார்ஷலை ட்ரூமன் அனுப்பினார். ஓராண்டுக்கும் மேல் நீடித்த அம்முயற்சி தோல்வியடைந்தது. 1947 ஜனவரியில் அவர் வெளியுறவு அமைச்சரானார். அதே ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவும் திட்டத்தை முன்வைத்தார். 1948 ஏப்ரலில் சட்டமான இத்திட்டத்தின்கீழ், நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் வழங்கப்பட்டது. 1948 மே மாதம் இஸ்ரேலை உடனடியாக அங்கீகரிப்பதை மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். எனினும் அதிபர் முடிவெடுத்தபின் அதை அவர் பொதுவெளியில் எதிர்க்கவில்லை.

சட்டத்தைத் தளர்த்திய நாடாளுமன்றம்

ராணுவ அமைப்புகளை ஒரே அமைச்சரின்கீழ் கொண்டுவந்த 1947-ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டம், ராணுவ அதிகாரியாக இருந்தவர் பத்து ஆண்டுகள் கழியும்வரை பாதுகாப்பு அமைச்சராகக் கூடாது என விதித்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபின், செப்டம்பரில் மார்ஷலை அப்பதவிக்கு ட்ரூமன் அழைத்தார். அவருக்காக நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி விதியைத் தளர்த்தியது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே சட்டத்தில் பதிவு செய்தது. அப்போது மார்ஷலுக்கு 69 வயது. சிறுநீரகம் ஒன்று அகற்றப்பட்டிருந்தது.

கொரியாவில் படை நடத்திய தளபதி டக்ளஸ் மெக்கார்தர், அதிபரின் கொள்கைக்கு மாறாக வெளிப்படையாகக் கருத்துக் கூறிவந்தார். அவரை நீக்குவது குறித்து முதலில் நிதானம் காட்டிய மார்ஷல், ஆவணங்களைப் படித்தபின் நீக்கத்தை ஆதரித்தார். 1951 ஏப்ரலில் மெக்கார்தர் நீக்கப்பட்டதும் நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. போரின் எல்லையை முடிவு செய்யும் அதிகாரம் தளபதிக்கு உரியதன்று என்பதைச் செனட் குழுவின் முன் மார்ஷல் விளக்கினார்.

ஜூன் மாதம் செனட்டர் ஜோசப் மெக்கார்தி, சீனா கம்யூனிஸ்டுகள் வசமானதில் சதி இருப்பதாகக் கூறி மார்ஷல்மீது நீண்ட குற்றச்சாட்டைச் சுமத்தினார். மார்ஷல் அவருடன் சொற்போரில் இறங்கவில்லை. 1952 அதிபர் தேர்தல் பிரசாரத்தில், மார்ஷலை ஆதரித்து எழுதப்பட்டிருந்த பகுதியை ஐசனோவர் தம் உரையிலிருந்து நீக்கினார். தம்மால் உயர்த்தப்பட்டவரின் இந்த மௌனத்தையும் மார்ஷல் பொதுவெளியில் குறைகூறவில்லை.

1953 டிசம்பரில் ஆஸ்லோவில் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, ராணுவ வீரருக்கு அமைதிப் பரிசா எனக் கண்டித்து அரங்கின் மாடத்திலிருந்து துண்டறிக்கைகள் வீசப்பட்டன. போரின் உயிரிழப்புகளை நாள்தோறும் கணக்கிட நேர்ந்தவரே மற்றொரு போரைத் தவிர்க்கும் வழியை ஆழ்ந்து தேடுவார் என்ற பொருளில் மார்ஷலின் ஏற்புரை அமைந்தது.

பெருந்தொகை தர முன்வந்த பதிப்பாளர்களுக்கும் அவர் தன்வரலாறு எழுதிக் கொடுக்கவில்லை. 1959 அக்டோபர் 16-ஆம் தேதி வாஷிங்டனில் காலமான அவரது உடல், அவரது விருப்பப்படி எளிய சடங்குகளுடன் ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மார்ஷலுக்காக 1950-இல் தளர்த்தப்பட்ட விதி, அதன்பின் 67 ஆண்டுகள் யாருக்காகவும் தளர்த்தப்படவில்லை. இடைவெளிக் காலம் 2008-இல் ஏழு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 2017-இல் ஜேம்ஸ் மேட்டிஸுக்கும், 2021-இல் லாயிட் ஆஸ்டினுக்கும் நாடாளுமன்றம் விலக்கு அளித்தது. இரு முறையும் நடந்த விவாதங்களில் மார்ஷலின் பெயர் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது குறிப்பிடத்தக்கது.