நிலத்தடி நீரை அளந்த அறிஞர்

ஆறும் ஏரியும் வற்றுங்கால் மக்கள் அதனைக் கண்கூடாகக் காண்பர், கண்டு அஞ்சுவர். நிலத்தின் அடியில் மறைந்து கிடக்கும் நீரோ, குறைவது தெரியாமலே குறைந்து செல்லும். கிணறு வறண்ட பின்னரே அக்குறை வெளிப்படும். இவ்வாறு மறைந்து இயங்கும் நீரின் போக்கை அளந்தறிதற்குரிய விதியை உலகிற்கு வழங்கியவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் ஆவார்.

டார்சி, பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள டிஜோன் நகரில் 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிறந்தார். தமது 14-ஆம் வயதில் தந்தையாரை இழந்தார். ஆயினும், அன்னையார் மனந்தளராது மைந்தரின் கல்வியைப் பேணி வந்தார். டார்சி 1821-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரின் புகழ்பெற்ற கல்லூரி ஒன்றிற் சேர்ந்தார்; பின்னர்ப் பாலமும் சாலையும் அமைக்கும் கலையைப் பயின்றார்; தேர்ச்சி பெற்றபின் அரசாங்கப் பொறியாளராகத் தம் பிறந்த ஊருக்கே பணியாற்ற வந்தார்.

அக்காலத்தில் டிஜோன் நகர மக்கள் நல்ல நீரின்றிப் பெரிதும் வருந்தினர். கிணற்று நீர் மாசுற்றிருந்தது. நகரினூடே சென்ற சிற்றாறு கழிவு நீர் ஓடையாக மாறியிருந்தது. இக்குறையைப் போக்கக் கருதிய நகராட்சியார், 1830-ஆம் ஆண்டை ஒட்டி, ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்திற்கு ஒரு கிணற்றைத் துளைத்தனர். நீர் மேலெழுந்து வந்தது, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், இறைத்துப் பார்த்தபோது, நகரின் தேவைக்கு அந்நீர் போதாது என்பது புலனாயிற்று. ஆழத்தில் நீர் இருத்தல் வேறு. வேண்டும் அளவிற்கு அது விரைந்து ஊறி வருதல் வேறு என்னும் உண்மையை அக்கிணறு உணர்த்திற்று.

டார்சி வேறு வழி நாடினார். நகருக்கு வெளியே, உயர்ந்த இடத்தில், ரோசுவார் என்னும் வற்றாத ஊற்று இருந்தது. அதன் நீரை, மூடிய கால்வாய் வழியாக 12 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு கொண்டுவருமாறு 1834-ஆம் ஆண்டில் திட்டம் வகுத்தார். 1840-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நீர் நகரை வந்தடைந்தது. இறைக்கும் பொறி எதுவுமின்றி, நிலத்தின் சரிவைக் கொண்டே அது பாய்ந்து வந்தது. தெருக்கள்தோறும் ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளியில் நீர்க்குழாய்கள் நிறுவப்பெற்றன. ஏழை மக்கள் விலையின்றி நீர் பெறுதல் வேண்டும் என்பது டார்சியின் கொள்கை. தமக்கு உரிய பெரும் ஊதியத்தையும் அவர் ஏற்க மறுத்தார். நகராட்சியார் அன்புடன் அளித்த பொற்பதக்கத்தையும், தம் இல்லத்திற்கு வாழ்நாள் முழுவதும் விலையின்றி நீர் பெறும் உரிமையையுமே ஏற்றுக்கொண்டார்.

இத்தகைய தொண்டர்க்கும் இடர் நேர்ந்தது. 1848-ஆம் ஆண்டில் பிரான்சில் புரட்சி எழுந்து ஆட்சி மாறியது. அதன் விளைவாக அவர் தம் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்ப் பாரிசில் உயர் பதவி பெற்றார். எனினும் உடல்நலம் குன்றியது. 1855-ஆம் ஆண்டில் பதவிப் பொறுப்பினின்று விடுபட்டு, ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

டிஜோன் நகர மருத்துவமனையின் முற்றத்தில் இரண்டரை மீட்டர் உயரமுள்ள இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதனுள் மணலை நிரப்பி, நீரைச் செலுத்தினார். மணலினூடே எவ்வளவு நீர் செல்கிறது என்பதைப் பலமுறை அளந்தார். மணலின் இரு முனைகளிலும் உள்ள நீர்மட்டங்களின் வேற்றுமை இருமடங்கானால், செல்லும் நீரும் இருமடங்காயிற்று. மணலின் நீளம் இருமடங்கானால், நீர் பாதியாகக் குறைந்தது. பருமணல் நீரை எளிதில் விட்டது, நுண்மணல் தடுத்தது. இவ்வுண்மைகள் 1856-ஆம் ஆண்டில், டிஜோன் நகர நீர் வழங்கலைப் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. இதுவே இன்று டார்சி விதி என வழங்குவது.

1863-ஆம் ஆண்டில் டுப்பூயி என்னும் பொறியாளர் இவ்விதியைக் கிணறுகளுக்குப் பொருத்திக் காட்டினார். கிணற்றில் நீரை இறைக்குங்கால் அதன் மட்டம் தாழ்கிறது. அதனைச் சூழ்ந்த நிலத்தின் நீர்மட்டமும் கிணற்றை நோக்கிச் சரிகிறது. இறைப்பு மிகுந்தால் அச்சரிவு நெடுந்தொலைவு பரந்து, அயலாரின் கிணற்றையும் வற்றச் செய்யும். ஒருவர் தம் நிலத்தில் இறைக்கும் நீர், அவர் நிலத்து நீர் மட்டுமன்று. ஊருக்கெல்லாம் பொதுவான நீரே ஆகும். மேலும், நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகளினூடே மிக மெல்ல நகர்வது. மழையால் உட்புகும் நீரினும் ஆண்டுதோறும் இறைக்கும் நீர் மிகுமாயின், நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே போகும். கிணற்றை மேலும் ஆழப்படுத்துதல் அக்குறையைச் சிறிது காலம் மறைக்குமேயன்றி நீக்காது. வரவறிந்து செலவிடுதலே அதற்கு மருந்து. அவ்வரவையும் செலவையும் கணக்கிடுவோர் இன்றும் டார்சியின் விதியைத் துணைக்கொள்கின்றனர்.

டார்சி 1858-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பாரிசில் நோயுற்று மறைந்தார். அவர்தம் உடல் டிஜோன் நகரில் அடக்கம் செய்யப்பெற்றது. அந்நகரின் நடுவிலுள்ள சதுக்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஓர் ஊரின் நீர்க்குறையைப் போக்க முயன்ற அப்பெருமகனார், நிலத்தடி நீரைப் பொதுச் செல்வமாகக் கருதி அளவறிந்து பயன்படுத்தும் வழியை எல்லா ஊரார்க்கும் வகுத்துச் சென்றார்.