சலீம் அலியும் நம்ம கண்ணாடிச் சுவரும்

ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்டுக்கு எலிவேஷன் வரையச் சொன்னா என்ன போடுவீங்க? பள்ளத்தாக்கைப் பார்த்து, தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. அதுல தெரியுற சில்வர் ஓக் மரத்தை நிஜம்னு நம்பிப் பறந்து வர்ற குருவியோட கதி? சலீம் அலியைத் தெரிஞ்சுக்கிட்டா இந்தக் கேள்வி உங்களை விடாது.

1896ல் மும்பையில் பிறந்தவர். சிறுவனாக ஏர்கன்னால் சுட்ட சிட்டுக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்ட் பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அன்று பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை.

காலேஜை முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டு, பர்மாவில் குடும்பத்தின் டங்ஸ்டன் சுரங்கத் தொழிலைப் பார்க்கப் போனார். பட்டம் இல்லாததால் பின்னாளில் பறவையியலாளர் வேலை கிடைக்கவில்லை. (அரியர் வச்சிருக்கிறவங்க இதை வீட்ல சொல்லிப் பார்க்கலாம். எடுபடாது.)

அப்போதெல்லாம் பறவை ஆய்வு என்றால் சுடுவது, தோலைப் பதப்படுத்துவது, லேபிள் கட்டுவது. 1929-30ல் நம்ம சேர்வராயன் மலைக்கு வந்த வெர்னே ஆய்வுக்குழு செய்ததும் அதுதான். அலியும் சுட்டவர்தான். ஆனால் பெர்லினில் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பி, 1930ல் வேலையில்லாமல் கிஹிம் கிராமத்தில் இருந்தபோது, தூக்கணாங்குருவிகளை உயிரோடு, பொறுமையாகக் கவனித்தார். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து இன்ஸ்பெக்‌ஷன் பண்ணும். அதுக்குப் பிடிச்சாதான் மீதி வேலை நடக்கும். அது முடிந்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பிக்கும், வேறொரு பெண்ணுக்காக!

எண்பது வயதைத் தாண்டிய பிறகு விமானங்களில் பறவை மோதும் பிரச்சினை அவரிடம் வந்தது. பருந்தும் பிணந்தின்னிக் கழுகும் இங்கே ஏன் வருகின்றன என்றுதான் அவர் குழு முதலில் பார்த்தது. விமான நிலையங்களைச் சுற்றிக் கிடந்த குப்பையும் இறைச்சிக் கழிவும்தான் காரணம். 1987ல் அவர் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் ஆய்வு மையம் இருக்கு.

அவர் பாணியில கண்ணாடியைப் பாருங்க. பறவைக்கு அது சுவர் இல்லை, மரம், வானம். புள்ளியோ கோடோ வெளிப்பக்கம் இருக்கணும், இடைவெளி 5 செ.மீ.க்கு மேல போகக்கூடாது. உள்பக்கம் ஒட்டினா பிரதிபலிப்பு அதை மறைச்சிடும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் பத்தாது, பறவை அதை விட்டுட்டுப் பக்கத்துல மோதும். குளிர்காலத்துக்குத் தெற்கே வர்ற ஆறுமணிக்குருவி ராத்திரியில பயணம் பண்ணும், கட்டட வெளிச்சம் அதைக் குழப்பும். அதனால அக்டோபர் ராத்திரிகள்ல லாபி லைட்டை அணைக்க ஒரு தனி ஸ்விட்சும் உங்க ட்ராயிங்ல இருக்கட்டும்.