அறம் வழுவாத அறிவியலாளர்

அணுக்கருப் பிளவின் உண்மையை உலகிற்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் லீசே மைட்னர் அம்மையார். 1878ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், பெண்களுக்கு உயர்கல்வி அரிதாயிருந்த காலத்தில் பயின்று, 1906இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெர்லின் சென்றார். பெண் என்பதால் ஆய்வுக்கூடத்துள் நுழைய இசைவின்றி, கீழ்த்தளத் தச்சுப்பட்டறையில் வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் கதிரியக்க ஆய்வைத் தொடங்கினார். 1926இல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி, 1938இல் உடைமைகளைத் துறந்து சுவீடனில் அடைக்கலம் புகுந்தார். நியூட்ரான் தாக்கிய யுரேனியத்தில் பேரியம் தோன்றும் புதிரை ஹான் மடல்வழி அறிவித்தார். யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளவுறுவதே காரணமென்று, தமக்கை மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் சேர்ந்து மைட்னர் விளக்கினார். 1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசோ ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

அணுகுண்டு ஆக்கும் பணிக்கு அழைப்பு வந்தபோது அவர் உறுதியாக மறுத்தார். போருக்குப்பின், கொடுமையைக் கண்டும் வாளாவிருந்த ஜெர்மானிய அறிஞர்களைக் கண்டித்தார். 1933இலேயே வெளியேறாதது தம் பிழையென்றும் ஒப்புக்கொண்டார். பிறர் குற்றத்தோடு தம் குற்றமும் கண்ட நேர்மை அது.

1968இல் கேம்பிரிட்ஜில் மறைந்தார். 109ஆம் தனிமத்திற்கு 1997இல் மைட்னீரியம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அறிவை நாடும் நம் இளஞ்சிறார், அவர் போற்றிய அறத்தையும் நாடுவாராக!