சொல் தொகுத்த செம்மல் வின்சுலோ

ஆங்கிலேயர் பெட்ரோல் என்பதை அமெரிக்கர் கேசோலின் என்பர். லிஃப்டை எலிவேட்டர் என்பர். மொழி ஒன்றே, வழங்கும் சொல் வேறு. நம் தமிழும் இதற்கு விலக்கன்று. நாற்காலியை யாழ்ப்பாணத்தார் கதிரை என்பர். அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். எலுமிச்சை அங்கே தேசிக்காய். பேசுவது அங்கே கதைப்பது. இந்த இரு கரைகளிலும் வாழ்ந்து, தமிழுக்குப் பேரகராதி தந்தவர் ஓர் அமெரிக்கர். அவரே மிரன் வின்சுலோ.

இன்றைய அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து வில்லிஸ்டன் என்னும் ஊரில் 1789-ஆம் ஆண்டு பிறந்தார். சமயப் பணிக்காக 1819-இல் கப்பலேறி, இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணத்து உடுவிலில் தங்கித் தமிழ் பயின்றார். அவர் துணைவியார் ஹாரியட் 1824-இல் அங்கே பெண்களுக்கென உறைவிடப் பள்ளி தொடங்கினார், 1833-இல் மறைந்தார். 1836-இல் வின்சுலோ சென்னைக்கு வந்தார்.

அகராதிப் பணியை யாழ்ப்பாணத்தில் முதலில் தொடங்கியவர் ஜோசப் நைட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். அவர் இடையிலேயே காலமானார். பணி கைமாறி வின்சுலோவிடம் வந்து சேர்ந்தது. சென்னையில் அவருக்குத் துணைநின்ற புலவருள் ஒருவர் இராமானுசக் கவிராயர், முகவைச் சீமைக்காரர். நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அந்த இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் நூல் வெளிவந்தபோது கவிராயரும் உயிருடன் இல்லை.

1862-இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அகராதி அச்சாகி வெளிவந்தது. அதில் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள். புலவர் வழக்கும் பாமரர் வழக்கும் சேர்ந்தது என்பதை நூலின் பெயரே சொல்லும். 1864-இல் தாயகம் திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வின்சுலோ உயிர் நீத்தார். வயது 74.

நண்பர்களே! சென்னைப் பக்கம் ஏரி என்பது நம் கரிசல் சீமையில் கண்மாய், யாழ்ப்பாணத்தில் குளம். மூன்றிலும் தேங்குவது மழை நீரே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். ஊர்ச்சொல் நாவில் வந்தால் கூசி விழுங்குவோர் என் போன்றோரில் பலர். கடல் கடந்து வந்தவர் பாமரர் சொல்லுக்கும் அகராதியில் இடம் தந்தாரே, அதை நாம் ஏன் ஒளிக்க வேண்டும்? விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் செல்வோம். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் அப்பத்தா சொல்லும் சொற்களைக் குறித்து வருவோம். அவர்கள் காலத்துக்குப் பின் கேட்டறிய ஆள் இராது.