அலன் டூரிங்

அலன் மாத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் தருக்கவியலாளரும் ஆவார். கணினியியலின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படுகிறார். சதுரங்கம் ஆடுவதற்கான முதல் கணினி விதித்தொகுப்புகளுள் ஒன்றை வகுத்தவரும் இவரே. சதுரங்க நிரல்கள் தேடல் ஆழத்தை இரண்டு எண்களால் அறிவிப்பதற்கான காரணத்தை இவ்விதிகளிலேயே காணலாம்.

பிறப்பும் தமிழகத் தொடர்பும்

இவரது தந்தை ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இந்தியக் குடிமைப் பணி அலுவலர். தாய் எத்தல் சாரா, சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் வாலர் ஸ்டோனியின் மகள். இவர் 1881 இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். மூத்த மகன் ஜான் 1908 இல் குன்னூரில் பிறந்தார். அலன் பிறந்தது இலண்டனில். பெற்றோர் இந்தியாவில் பணியாற்றிய காலத்தில் பிள்ளைகள் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தினரிடம் வளர்ந்தனர்.

கல்வியும் போர்க்காலப் பணியும்

1931 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1936 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், பின்னர் டூரிங் பொறி என அழைக்கப்பட்ட கருத்தியல் இயந்திரத்தை விளக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் செருமானிய எனிக்மா மறைகுறிகளை உடைக்கும் பணியில் முன்னின்றார். இங்கிலாந்தின் முன்னணி சதுரங்க ஆட்டக்காரர்களான இயூ அலெக்சாந்தர், சுடூவர்ட் மில்னர்-பாரி ஆகியோரும் அங்குப் பணிபுரிந்தனர். டூரிங் சதுரங்கத்தில் ஆர்வம் மிக்கவர். ஆயினும் திறமையான ஆட்டக்காரர் அல்லர்.

சதுரங்க விதிகள்

1948 இல் டூரிங்கும் நண்பர் டேவிட் சாம்பர்நவுனும் ஒரு சதுரங்க நிரலுக்கான விதிகளை உருவாக்கத் தொடங்கினர். இது டூரோசாம்ப் எனப்படுகிறது. தனது நகர்வு ஒவ்வொன்றையும், அதற்கு எதிரியின் விடை ஒவ்வொன்றையும் இது விடாமல் ஆராயும். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வுகள் இருக்குமாயின், இவ்விரு படிகளே சுமார் 900 நிலைகளைத் தரும்.

அங்கேயே நிறுத்திக் காய்களை எண்ணினால் பிழை நேரும். அரசி ஒரு காலாளை வெட்டிய கணத்தில் கணக்கை முடித்தால் ஆதாயம் மட்டுமே தெரியும்; அடுத்த நகர்வில் அரசியே வெட்டுப்படுவது தெரியாது. ஆகவே, வெட்டுகள் போன்ற குறிப்பிட்ட நகர்வுகளை மட்டும், நிலைமை அடங்கும் வரை தொடர்ந்து பார்க்குமாறு டூரிங் விதித்தார். இதனால் ஒரே தேடலுக்கு இரண்டு ஆழங்கள் அமைந்தன: எல்லா நகர்வுகளும் பார்க்கப்பட்ட ஆழம் ஒன்று, சில வரிசைகள் மட்டும் எட்டிய ஆழம் மற்றொன்று.

1952 இல் டூரிங் தாமே கணினியின் இடத்தில் அமர்ந்து, தாளில் கணக்கிட்டு, அலிக் கிளென்னியுடன் ஆடினார். ஒரு நகர்வுக்கு அரை மணி நேரம் அளவில் ஆனது. 29 நகர்வுகளில் டூரோசாம்ப் தோற்றது.

ஆழத்தை அளத்தல்

ஒருவரின் ஒரு நகர்வு, அதாவது அரை நகர்வு, பிளை எனப்படுகிறது. இச்சொல்லை ஆர்தர் சாமுவேல் 1959 இல் பயன்படுத்தினார். நிரல்கள் முதலில் ஒரு பிளை, பிறகு இரண்டு என ஆழத்தைப் படிப்படியாகக் கூட்டித் தேடுகின்றன. 2000 இல் வெளியான யூசிஐ நெறிமுறையில் ஆழம், தெரிவு ஆழம் என இரு அளவுகள் உள்ளன. 20/32 என்பதில் 20 தேடலின் பெயரளவு ஆழம். 32 ஒரு வரிசை எட்டிய மிகக் கூடிய ஆழம். எனினும் இன்றைய நிரல்கள் பயனற்றவை எனக் கருதும் கிளைகளைக் கத்தரிக்கின்றன அல்லது குறைந்த ஆழத்தில் பார்க்கின்றன. எனவே 20 என்பது, டூரிங்கின் இரண்டு போல, எல்லா நகர்வுகளும் பார்க்கப்பட்டதைக் குறிக்காது. இரு வேறு நிரல்களின் ஆழ எண்களை ஒப்பிட்டு வலிமையை முடிவு செய்வதும் பொருந்தாது.

இறுதிக் காலம்

1952 இல், அக்காலத்தில் குற்றமாகக் கருதப்பட்ட தன்பாலுறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக இயக்குநீர் மருந்தேற்றலை ஏற்றார். அரசின் இரகசியப் பணிக்கான அனுமதியையும் இழந்தார். 1954 இல் சயனைடு நஞ்சினால் இறந்தார். விசாரணையில் தற்கொலை என முடிவு செய்யப்பட்டது. அவரது சதுரங்க விதிகள் அதுவரை கணினியில் முழுமையாக இயக்கப்படவில்லை. 2009 இல் பிரித்தானிய அரசு மன்னிப்புக் கோரியது. 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

2012 இல், அவரது நூற்றாண்டு விழாவில், மீட்டுருவாக்கப்பட்ட டூரோசாம்ப் கணினியில் ஆடியது. மான்செஸ்டரில் அதனுடன் ஆடிய முன்னாள் உலக வாகையர் காரி காஸ்பரோவ் 16 நகர்வுகளில் வென்றார்.